மல்பாவில் தோட்டம் போட்டவன்

மற்ற எல்லாத் தொழிலிலும் சரக்கு உடைந்தால் நஷ்டம். என் தொழிலில் சரக்கு உடைந்த பிறகுதான் கைக்கே வரும்.

டெல்லியில் வீட்டை இடித்த குப்பைக்கு மல்பா என்று பெயர். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்று, உங்கள் வீட்டை இடித்துக் கட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் இடிக்கும்போது அவர் வீட்டுச் சுவரைச் சப்பாத்தியோடு சேர்த்துச் சாப்பிட்டிருப்பீர்கள். மல்பாவைத் தெருவில் கொட்டினால் சண்டை. கொட்டாமல் வாசலில் வைத்திருந்தால் வீட்டுக்குள் போக வழியில்லை. நைசாக அடுத்த காலனியில் கொட்டிவிட்டு வந்தால், காலையில் அந்தக் காலனிக்காரர்கள் கொட்டியது நம் வாசலில் இருக்கும். ஆக நாம் எல்லோரும் ஒரே கட்சிதான்.

அந்த மல்பாவில் பெரிய பெரிய கான்கிரீட் துண்டுகளாகப் பொறுக்கியெடுத்து, தோட்டத்தில் நடைபாதை, பாத்திக்குக் கரை, உட்கார மேடை என்று போட்டுக் கொடுப்பது என் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் செய்தேன். சிரிக்காதீர்கள். விசிட்டிங் கார்டுகூட அடித்து வைத்திருந்தேன்.

முதல் வாடிக்கையாளர்

அதற்கு முன்னால் நான் ஓர் அரசு நிறுவனத்தில் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கட்டடம் எழும்பும் இடங்களிலிருந்து கான்கிரீட்டைச் சதுரக் கட்டிகளாக வார்த்து அனுப்புவார்கள். அதை மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்ல வேண்டும். பாஸானாலும் ஃபெயிலானாலும் கட்டி உடைந்துதான் வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் நமக்கு வைத்த பரீட்சையும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பிறகு நிறுவனமே ஆட்டம் கண்டது. எங்களுக்கெல்லாம் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு மட்டும் எங்களுடையது.

என் மனைவி வசந்தாவுக்கு மத்திய அரசில் வேலை. லோதி ரோட்டில் அவள் பெயரில்தான் குவார்ட்டர்ஸ், தரைத்தளம். காலையில் அவள் டிஃபன் டப்பாவோடு ஆபீசுக்குக் கிளம்புவாள். நான் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, மத்தியானம் வரைக்கும் என்ன செய்வது என்று யோசிப்பேன். வீட்டுக்குப் பின்னால் சாக்கடைக் குழாய் மாற்றுவதற்காகச் சிமெண்ட் தளத்தை உடைத்தார்கள். குழாயை மாற்றினார்கள். உடைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மழை வந்ததும் கொடிக்கம்பிக்குப் போகிற வழியெல்லாம் சேறு. நான் அந்தத் துண்டுகளையே எடுத்து, மண்ணைச் சமன்செய்து, மணல் பரப்பி, ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி அடுக்கினேன். நடுநடுவே மூன்று விரல் இடைவெளி விட்டுப் புல் நட்டேன். மாடி வீட்டு சர்மாஜி வந்து பார்த்துவிட்டு, இது ஜெய்ப்பூர்க் கல்லா என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. சாயங்காலம் வசந்தா வந்தாள், செருப்போடு அதன் மேல் ஒருமுறை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"ஆபீஸ்ல உடைச்சது போதாதுன்னு வீட்டுக்குள்ள உடைஞ்சதைப் பரப்பி வெச்சிருக்கீங்க. சரி, கொடிக்கம்பி வரைக்கும் போட்டவர் துளசி வரைக்கும் போட்டா என்ன?"

அஞ்சலை

ஆறு மாதத்துக்குள் அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் முதுகு ராஜினாமா கடிதம் கொடுத்தது. தூக்கிப்போட ஆள் தேடிக்கொண்டு, பழைய வீடு ஒன்றை இடிக்கிற இடத்துக்கு கரோல் பாக் போனேன். அங்கே புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண், பப்பு என்கிற டெம்போ டிரைவரை ஹிந்தியில் விரட்டிக்கொண்டிருந்தாள். ஹிந்தி போதாத இடங்களில் தமிழில் திட்டினாள். அந்தத் தமிழை நான் இங்கே எழுத முடியாது. விழுப்புரம் பக்கம் என்று மட்டும் புரிந்தது. பெயர் அஞ்சலை. நான் தமிழில் பேச ஆரம்பித்ததும், அதுவரை வண்டியில் ஏற்றியிருந்ததையெல்லாம் எனக்காகத் திரும்ப இறக்கச் சொன்னாள். அன்றிலிருந்து அஞ்சலை என்னிடம் வேலைக்கு வந்தாள், பப்பு என் சப்ளையர் ஆனான்.

நல்ல கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும், சொத்தையைத் தட்டினால் மொத்தென்று கேட்கும் என்று அவளுக்கு நான் வகுப்பெடுத்தேன். பரிசோதனைக் கூடத்து ஆசாமி அல்லவா. அஞ்சலை கவனமாகத் தலையாட்டிவிட்டு, எது தூக்க லேசோ அதுதான் நல்ல கல் என்று கடைசிவரை முடிவாக இருந்தாள். அவள் பொறுக்கியதில் பாதியை நான் தள்ளுவேன். நான் தள்ளியதில் பாதியை நான் பார்க்காதபோது அவள் திரும்ப ஏற்றுவாள்.

அவள் வீடு நாலா ஓரத்துக் குடிசைப்பகுதியில், பஸ்தி என்பார்கள். நாலா என்றால் சாக்கடை என்று சொல்லாமல் கௌரவமாகச் சொல்வது. ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிட்டாள். தகரக் கூரை, செங்கல் சுவர், உள்ளே நல்ல கெட்டியான சிமெண்ட் தரை. வேலை பார்த்த இடங்களிலெல்லாம் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய மிச்ச சிமெண்டில், ஒவ்வொரு மூலையாக அவளே வருஷக்கணக்கில் போட்டது. அதனால் ஓர் இடம் வெளுப்பு, ஓர் இடம் கறுப்பு, ஓர் இடம் பச்சை கலந்த சாம்பல். எந்த மூலை எந்தக் கட்டடத்து சிமெண்ட் என்று காட்டினாள். பாதி கட்டடங்கள் நம்மை உள்ளேயே விடாத கட்டடங்கள். அவளும், பள்ளிக்கூடம் போகிற மகளும் அந்தத் தரையில்தான் படுத்துத் தூங்கினார்கள். பஸ்தியைக் காலி செய்யச் சொல்லி வருஷா வருஷம் பேச்சு அடிபடும். இடித்தால் வேறு இடம் கொடுப்பார்களா, நடுத்தெருவா என்பது யாருக்கும் தெரியாது. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"எங்க வூட்ட இடிக்கறோம் இடிக்கறோம்னு சொல்லிக்கினே இருக்காங்க சார். அவங்க வர்ற வரைக்கும் மத்தவங்க வூட்ட இடிச்சதத் தூக்கிக்கினு கெடப்போம்."

தலைகீழ்த் தோட்டம்

டெல்லி ஓரத்துத் துவாரகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, சொசைட்டி என்பார்கள். தரைத்தளத்தில் ராமநாதன் என்று ஒருவர், ஏர்போர்ட்டில் வேலை. நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து பகலில் உட்கார ஒரு சின்னத் தோட்டம் வேண்டும் என்றார். வளைந்து போகிற ஒரு பாதை, நடுவில் வட்டமாக உட்காரும் இடம். அந்தச் சமயம் பப்பு கொண்டுவந்தது மேல்தளத்தை இடித்த சரக்கு. கம்பியையெல்லாம் பழைய இரும்பு வாங்குகிற கபாடிக்காரர் பிடுங்கிக்கொண்டு விட்ட மிச்சம். அன்றைக்கு எனக்கு பேங்கில் வேலை இருந்ததால், வழவழப்பான பக்கம் மேலே வரவேண்டும் என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

மேல்தளத்தில் வழவழப்பான பக்கம் எது என்று நான் யோசித்திருக்க வேண்டாமா. சாயங்காலம் வந்து பார்த்தால், யாரோ ஒருவருடைய படுக்கையறையின் உட்கூரை முழுவதும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர். உட்காரும் வட்டத்துக்கு நட்ட நடுவில், மின்விசிறி மாட்டுகிற கொக்கி நிமிர்ந்து நிற்கிறது. கபாடிக்காரர் கண்ணில் எப்படியோ தப்பியிருக்கிறது. அஞ்சலையைக் கேட்டால், அதுதான் சார் வழவழன்னு இருந்திச்சி என்கிறாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ராமநாதன் டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒருமுறை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"சார், மேல பார்த்தா வானம், கீழ பார்த்தா சீலிங். நான் தலைகீழாத் தொங்கற மாதிரி இருக்கு. நைட் டியூட்டி பார்க்கறவன்கிட்ட இந்த விளையாட்டு வேண்டாமே."

இத்தாலிக் கல்

கரோல் பாக்கில் குரானா என்று ஒரு ஜவுளி வியாபாரி. அப்பா கட்டிய வீட்டை இடித்துவிட்டு மாடிமேல் மாடி கட்டினார். அப்பா போட்ட தரையைக் குப்பையில் போட மனசில்லை, அதை வைத்தே முன்வாசல் பூந்தொட்டிகளுக்கு நடுவில் பாதை போடு என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பழைய மொசைக் தரை, கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லு பதித்தது. தட்டினால் கோயில் மணி. அஞ்சலைகூட எடை அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே அழகாகப் போட்டாள்.

கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். சமோசாவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், குரானா தன் மச்சினரிடம் அந்தப் பாதையைக் காட்டி, இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த கல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த மதராசி பாபுதான் அங்கே ஆள் வைத்து வரவழைக்கிறார் என்று என்னையும் இழுத்துவிட்டார். மச்சினர் குனிந்து தடவிப் பார்த்தார். வெளிநாட்டுச் சாமான் என்றால் தொட்டாலே தெரிகிறது என்றார். அந்தத் தரையில்தான் அவர் தன் கல்யாணத்துக்கு முன்னால் குரானாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார். மச்சினருக்கும் அதே கல் வேண்டுமாம். குரானா என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், காதோடு காதாக ஹிந்தியில் சொன்னார்.

"பாபு சாப், உண்மையச் சொல்லி என் மானத்த வாங்கிடாதீங்க. பக்கத்துத் தெருவுல இன்னொரு வீடு இடிக்கறாங்க. அந்த இத்தாலிய இவருக்கு அனுப்பிடுங்க."

சுபேதாரின் பாதை

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் ஒருவர். உடைந்த கான்கிரீட்டில் நேர்கோடு வராது, அதன் அழகே கோணல்தான் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கயிறு கட்டினார். கல் ஒவ்வொன்றும் கயிற்றைத் தொட வேண்டும் என்றார். தொடாத கல்லைப் பார்த்து முறைத்தார். கல் அசையவில்லை. மூன்றாம் நாள் அஞ்சலை அவர் தூங்கும்போது கயிற்றைக் கோணலாக மாற்றிக் கட்டிவிட்டாள். எழுந்து வந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எல்லாக் கல்லும் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, பாதை மட்டும் பாம்பு மாதிரி கொய்யா மரத்தைச் சுற்றிப் போனது. அவர் அதன்மேல் இடது வலது என்று நடந்து பார்த்து, மரத்தில் மோதிக்கொண்டு நின்றார்.

"டிசிப்ளின் சரியாத்தான் கீது. ஆனா எதிரி இந்த வழியா வந்தா அவனும் மாட்டிக்குவான், நானும் மாட்டிக்குவேன்."

புல் முளைக்கும் வரை

இது மறுபடியும் துவாரகா, வேறு சொசைட்டி. அங்கே இரண்டு கட்சி. செக்ரட்டரி குப்தா ஒரு கட்சி, முன்னாள் செக்ரட்டரி இன்னொரு கட்சி. குப்தா எங்களை வைத்துப் பூங்காவில் நடைபாதை போட்டார். மறுநாளே முன்னாள், பூங்காவில் குப்தா மல்பா கொட்டியிருக்கிறார் என்று புகார் கொடுத்துவிட்டார். பொது இடத்தில் மல்பா கொட்டினால் அபராதம். மாநகராட்சி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பாதையை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். இது பாதை என்றார் குப்தா. குப்பை என்றார் முன்னாள். இரண்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது, குப்தாவின் முகத்தைப் பார்த்து முழுங்கிக்கொண்டேன். அஞ்சலை அதன் நடுவில் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் நியாயஸ்தர். இடைவெளியில் புல் முளைத்தால் தோட்டம், முளைக்காவிட்டால் மல்பா, அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

மே மாத வெயிலில் டெல்லியில் மனிதனே முளைக்க மாட்டான், புல் எங்கே முளைக்கும். குப்தா கட்சி பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றியது. முன்னாள் கட்சி மேல்மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தது. இந்த ஒரு வேலை போனால் துவாரகாவில் இனி ஒரு வேலையும் வராது என்று நானும் ஒரு பக்கெட்டைத் தூக்கினேன். அஞ்சலைதான் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் யாரும் போகாத இடத்தில் இருந்த புல்லையெல்லாம் வேரோடு பெயர்த்து வந்து, இடைவெளியில் திணித்து, காலால் மிதித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் வந்தபோது பாதை பச்சைப்பசேலென்று இருந்தது. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் வழுக்கையாக இருந்தது. தோட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஜீப்பில் ஏறப் போகும்போது அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். நாலா ஓரத்து பஸ்தியை எப்போது இடிப்பீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள், ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி. அவரும் அதே மாதிரி பதில் சொன்னார்.

"அது வேற டிபார்ட்மெண்ட்மா. நான் சின்னச் சின்னதாத்தான் இடிப்பேன்."

நல்ல சரக்கு

அந்த வேறு டிபார்ட்மெண்ட் அடுத்த வருஷம் வந்தது. ஒரு திங்கட்கிழமை அஞ்சலை வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் பேப்பரை என் முன்னால் போட்டாள். உள்பக்கத்தில், பெட்டிக்குள் ஒரு சின்னச் செய்தி. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் எனக்கு வழியே தெரியவில்லை. டீ குடிக்கப் போன சந்து, தண்ணீர்க் குழாய், மாரியம்மன் கோயில் என்று அடையாளம் வைத்திருந்த ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக இடிபாட்டில்தான் பிழைப்பு நடத்துகிறேன். இடிபாட்டுக்கு நடுவில் வழி கேட்டுக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். கட்டில், தையல் மிஷின், ஸ்கூல் பை என்று அவரவர் சாமானை அவரவர் குவித்துவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையின் மகள் ஒரு தகரப் பெட்டிமேல் இருந்தாள். அம்மா எங்கே என்றேன். வேறு இடம் தருகிறார்களா என்று விசாரிக்கப் போயிருக்கிறாள் என்று ஹிந்தியில் சொன்னாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு டெம்போ நின்றது. ஒருவர் கடப்பாரையால் தரைத் துண்டுகளைப் புரட்டிக் கொடுக்க, இன்னொருவர் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு வெளுப்பு, ஒரு துண்டு கறுப்பு, ஒரு துண்டு பச்சை கலந்த சாம்பல். ஏற்றிக்கொண்டிருந்தது நம் பப்பு. என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சாப். உங்களைத்தான் நினைச்சேன். பெரிய பெரிய துண்டு, ஏக்தம் நல்ல சரக்கு. இன்னிக்கே கொண்டுவந்து இறக்கிடறேன்."

புதிய வாடிக்கையாளர்

பப்புவுக்கு அது யார் வீடு என்று தெரியாது. அவன்மேல் நான் போட்ட சத்தத்துக்கு அவன் பொறுப்பே இல்லை. ஆனால் பொறுப்பானவர்கள் யாரும் நான் கத்தினால் கேட்கிற தூரத்தில் இல்லை. விஷயம் தெரிந்ததும் பப்பு டெம்போவின் பின்கதவைச் சாத்தினான். அந்தத் தரை எங்கள் குவார்ட்டர்ஸ் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. அஞ்சலையும் மகளும்கூட வந்து சேர்ந்தார்கள். மகள் காலையில் எழுந்து எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள். அஞ்சலை இடம் கேட்டு அலைந்துவிட்டு வந்து கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். அவளுக்குத் திட்ட ஒருவரும் கிடைக்காத நாட்கள் அவை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒருவழியாக ஊருக்கு வெளியே, பஸ் நின்ற பிறகும் நடக்க வேண்டிய இடத்தில், மனை கொடுத்தார்கள். மனை என்றால் பெருமைக்குச் சொல்வது. நாலு பேர் படுத்தால் ஐந்தாமவர் நிற்க வேண்டும். பள்ளமான நிலம். மழைக்கு முன்னால் தரையை உயர்த்திப் போடாவிட்டால் வீடு கட்டவே முடியாது, கட்டாமல் கிடந்தால் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. பப்பு தரையை ஏற்றி வந்தான். ஞாயிற்றுக்கிழமை வசந்தா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தாள். மண் கொட்டி, மேடாக்கி, தண்ணீர் விட்டு, மிதித்து, மணல் பரப்பினோம். அஞ்சலையை வேலை செய்ய விடவில்லை. இன்றைக்கு நீ ஆர்டர் கொடுத்தவள், ஓரமாக நின்று பார் என்றேன்.

அப்படிச் சொன்னதுதான் தாமதம், அத்தனை வருஷம் அவள் பார்த்த அத்தனை வாடிக்கையாளர்களும் அவளுக்குள் புகுந்துகொண்டார்கள். டீ கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஏறி இருக்கிறது என்றாள். அந்தப் பக்கம் இறங்கி இருக்கிறது என்றாள். கறுப்பை ஜன்னல் வரப்போகிற பக்கம் போடச் சொன்னாள், போட்ட பிறகு எடுக்கச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பழைய அஞ்சலை திரும்பி வந்துவிட்டாள் என்று நான் பாட்டுக்குக் கல்லை வைத்து, தட்டி, மூன்று விரல் தள்ளி அடுத்த கல்லை வைத்து, மறுபடி மூன்று விரல் தள்ளி அடுத்ததை வைத்து, வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பாதி மனைக்கு வந்த பிறகுதான் பின்னால் சத்தமே இல்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, நான் விட்டுக்கொண்டு வந்த இடைவெளியில் மூன்று விரலையும் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சார், இது தோட்டம் இல்ல, வூடு. புல்லு மொளைக்க எடம் வுடாதீங்க."

பத்து வருஷத்துக்கு மேல் டெல்லிக்காரர்களுக்குத் தோட்டம் போட்டவன் நான்; பாதியைப் பெயர்த்தெடுத்து, மறுபடி நெருக்கிப் போட்டு, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, ஒரு புல்கூட முளைக்காமல் பார்த்துக்கொண்ட அந்த ஒரே வேலையைத்தான் இன்றைக்கும் யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.